உட்கார இடம் உண்டா?

வேலை கொடுத்ததோடு கடமை முடிந்துவிடுகிறதா? துணிக்கடை, செல்போன் ஆலை, மெட்ரோ நிலையம், பள்ளிச் சமையற்கூடம் என உள்ளே வந்தவர்கள் ஏன் வெளியேறுகிறார்கள்? ஒரு சிறப்புப் பார்வை.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையின் மூன்றாவது மாடி, சுடிதார் பிரிவு. “வாங்கக்கா, என்ன ரேட்ல பாக்குறீங்க?” என்று கேட்கும் பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். பேசிக்கொண்டே ஹேங்கர்களைத் தள்ளுகிறார், மேல்தட்டிலிருந்து இன்னொரு கட்டை இறக்குகிறார், வேண்டாம் என்று ஒதுக்கியதை மடிக்கிறார். உடம்பின் பாரம் மட்டும் வலது காலிலிருந்து இடது காலுக்கும், இடது காலிலிருந்து வலது காலுக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது.

அந்த மாடியில் சோபா உண்டு. குடும்பத்தோடு வந்த ஆண்கள் அதில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள். உடை மாற்றும் அறையில் ஸ்டூல் உண்டு, அது வாடிக்கையாளருக்கு. பில் போடுபவருக்கு நாற்காலி உண்டு. துணி எடுத்துக் காட்டுகிறவர்களுக்கு எதுவும் இல்லை. காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு இறங்கும்வரை, சாப்பாட்டு நேரம் போக, நின்றே ஆகவேண்டும். அலமாரியில் சாய்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார். அவர் பார்க்காவிட்டால் கேமரா பார்க்கும்.

இப்படிப்பட்ட கடைகளில் வேலை செய்கிறவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று பல ஊர்க்காரர்கள். சமீப ஆண்டுகளாக வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். எல்லாச் சாதியும் உண்டு, எல்லா மதமும் உண்டு, பெண்கள் ஏராளம். தலையை மட்டும் எண்ணினால் எல்லோரையும் சேர்த்துக்கொண்ட பணியிடம் என்று பாராட்டிவிடலாம். அந்தப் பெண்ணின் கணுக்காலைப் பார்த்தால் பாராட்ட மனம் வராது.

பணியிடப் பன்மைத்தன்மை இன்று ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் பரபரப்பாகப் பேசப்படும் விஷயம். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அமெரிக்க அதிபர் டிரம்ப் அரசுத் துறைகளில் இருந்த பன்மைத்தன்மைத் திட்டங்களை மூடும் ஆணையில் கையெழுத்திட்டார். மெட்டா போன்ற நிறுவனங்கள் அதற்குச் சில நாள் முன்பே தங்கள் திட்டங்களைக் கலைத்திருந்தன. அந்த நாட்டு நிறுவனங்களின் கிளைகள் நிறைந்த சென்னையில் இங்கே என்ன ஆகும் என்ற கேள்வி எழுவது இயல்பு. மகளிர் தினக் கொண்டாட்டம் நடக்குமா, ஜூன் மாதத்தில் வானவில் கொடி ஏறுமா என்பதைத் தாண்டி இந்தக் கட்டுரை வேறொன்றைக் கேட்கிறது. உள்ளே வந்தவர்கள் நிலைத்திருக்க என்ன செய்து வைத்திருக்கிறோம்?

மிட்டாய்த் தெருவில் தொடங்கிய போராட்டம்

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெரு நம் ரங்கநாதன் தெருவுக்கு அக்கா முறை. நெருக்கமான கடைகள், நாள் முழுக்கக் கூட்டம். அங்கே வேலை செய்த பெண்களின் முதல் கோரிக்கை நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. கடைகளில் கழிப்பறை கிடையாது. பக்கத்து ஹோட்டலுக்குப் போய்க்கொள்ள வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்து, சிறுநீர்த் தொற்றோடு வீடு திரும்பியவர்கள் பலர்.

தையல் தொழிலாளியான பி. விஜி இவர்களைத் திரட்டினார். ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு உருவானது. பிறகு அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சங்கமே பிறந்தது. பெரிய கட்சிகளின் தொழிற்சங்கங்கள் கண்டுகொள்ளாத மனிதர்கள் இவர்கள். கடை உரிமையாளர்களோ, உட்கார வேண்டுமென்றால் வீட்டிலேயே இருக்கலாமே என்கிற தோரணையில் இருந்தார்கள். பெண்கள் விடவில்லை. 2018-இல் கேரள அரசு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. உட்காரும் வசதி செய்து தருவது முதலாளியின் கடமையானது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது.

தமிழ்நாடு அடுத்து வந்தது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் தாக்கலாகி நிறைவேறியது. நாள் முழுதும் நின்றே வேலை செய்வதால் உடல்நலம் கெடுகிறது என்று அரசே அதில் எழுதி ஒப்புக்கொண்டது. இந்தக் கடைத்தெருவின் வாழ்க்கையை ‘அங்காடித் தெரு’ படம் திரையில் காட்டியது 2010-இல். சட்டம் வருவதற்கு அதற்குப் பிறகும் பதினோரு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இதைவிட வருத்தம் தருவது இன்னொன்று. நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு அன்றே சொல்லிவிட்டது. ஆலையில் நிற்கும் கால் வலிக்கும் என்பது சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே நம் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. கடையில் நிற்கும் கால் வலிக்கும் என்று தெரிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சட்டம் வந்த பிறகு சில கடைகளில் ஸ்டூல் வந்தது. ஸ்டூல் இருந்தும் அதில் உட்காரத் தயங்குகிறார்கள் என்பதையும் அந்தக் கடைகளுக்குள் போனால் பார்க்கலாம். வாடிக்கையாளர் இருக்கும்போது விற்பனைப் பெண் உட்கார்ந்தால் மரியாதைக்குறைவு என்ற எண்ணம் முதலாளியிடம் மட்டும் இல்லை, வாங்கப் போகிற நம்மிடமும் இருக்கிறது. கால் நரம்பு சுருண்டு, இடுப்பு விட்டு, முப்பது வயதுக்குள் இந்த வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு அந்த மரியாதையில் பங்கு கிடையாது.

---
பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

▪ கடை ஊழியர் உட்கார வசதி: கேரளம் 2018, தமிழ்நாடு 2021.

▪ பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் புகார்க் குழு கட்டாயம்: 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 1997-இல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்புதான் இதற்கு வேர்.

▪ மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம்: 2017 திருத்தம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும்.

▪ மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுப் பணியில் 4 சதவீத இடஒதுக்கீடு: 2016-ஆம் ஆண்டுச் சட்டம். முந்தைய 1995 சட்டத்தில் 3 சதவீதம்.

▪ திருநர்களை வேலையில் பாகுபடுத்தத் தடை, புகார் அதிகாரி நியமனம்: 2019-ஆம் ஆண்டுச் சட்டம்.
---

“கல்யாணம் ஆயிடுச்சா?”

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் இது 43 சதவீதம். ஒரு மாநிலம் பெருமைப்படத்தக்க எண். ஊர்ப்புறத்திலிருந்து அதிகாலையில் கிளம்பும் கம்பெனி பஸ்களில், சீருடையோடு ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகும் பெண்கள் தங்கள் வீடுகளின் விதியை மாற்றியிருக்கிறார்கள். தம்பியின் படிப்பு, அப்பாவின் கடன், கூரை மாறிய வீடு எல்லாம் அவர்களின் சம்பளத்தில் நடந்தவை.

அந்தப் பெண்களுக்கு என்ன வயது என்று கேட்டால் பெருமையோடு கவலையும் சேர்ந்துகொள்கிறது. பலருக்கும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள். படிப்பு முடிந்ததற்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளை மட்டும் நம்பித்தான் பல ஆலைகள் ஓடுகின்றன. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ஒருகாலத்தில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. மணமாகாத பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு வேலை முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்பார்கள். முடிக்காமல் போனால் பணம் கிடைப்பது பெரும்பாடு. அந்தத் திட்டத்தின் பெயர் மறைந்தது. அதன் கணக்கு புதிய ஆலைகளிலும் தொடர்கிறதா என்ற சந்தேகம் 2024-இல் வெடித்தது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்கு மணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாகச் செய்தி வெளியிட்டது. வேலை தேடிப் போன இரண்டு சகோதரிகளை ஆலை வாசலில் காவல் பணியில் இருந்தவரே கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார் என்றது அந்தச் செய்தி. குடும்பப் பொறுப்பு, பிரசவம், விடுப்பு, தாலியும் மெட்டியும் உலோகம் என்பதால் வரும் சிக்கல் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. நிறுவனம் மறுத்தது. புதிதாகச் சேர்த்தவர்களில் கால்வாசிப் பேர் மணமான பெண்கள் என்றும், உலோகம் அணியக் கூடாது என்ற விதி எல்லோருக்கும் பொது என்றும் அரசிடம் விளக்கம் தந்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. சில மாதங்கள் கழித்து, ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் வயது, பாலினம், மணநிலை எதையும் குறிப்பிட வேண்டாம் என்று நிறுவனம் தன் முகவர்களிடம் சொல்லிவிட்டதாக அதே ராய்ட்டர்ஸ் எழுதியது.

விளம்பரத்தில் ஒரு வரியை நீக்குவது சுலபம். மணமான பெண் ஆலைக்குள் நிலைக்க வேண்டுமென்றால் வேறு சில வேண்டும். குழந்தையை விட இடம் வேண்டும். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வைக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது. ஷிப்ட் நேரம் வீட்டு நேரத்தோடு மோதாமல் இருக்க வேண்டும். பிரசவம் முடிந்து வந்தவருக்கு அதே லைனில் இடம் இருக்க வேண்டும். இவற்றுக்குச் செலவு உண்டு. மகப்பேறு விடுப்புச் சம்பளத்தைப் பல இடங்களில் முதலாளியின் தலையிலேயே சட்டம் வைத்திருப்பதால், பெண்ணை எடுக்காமலே இருந்துவிடலாம் என்று சிறு நிறுவனங்கள் நினைக்கின்றன. அந்தச் சுமையில் அரசும் பங்கெடுக்காதவரை இந்தத் தயக்கம் தீராது என்பது என் உறுதியான எண்ணம்.

தங்கும் இடத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2021 டிசம்பரில் அதே பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே அறையில் நெருக்கியடித்துத் தரையில் படுத்ததும், தண்ணீர் வராத கழிப்பறையும் அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தன. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. ஆப்பிள் நிறுவனம் அதைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 706.5 கோடி ரூபாய் செலவில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நட்ட பெருமை, அந்த இரவு சாலையில் உட்கார்ந்த பெண்களுக்கும் சேரும்.

வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை

2017 ஜூன் மாதம் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களை டிக்கெட் கவுன்ட்டரிலும் துப்புரவுப் பணியிலும் அமர்த்தியிருந்தார்கள். கேரளத்தின் பெண்கள் குழு அமைப்பான குடும்பஸ்ரீ வழியாகத் தேர்வு, பயிற்சி, சீருடை, எல்லாம் முறையாக நடந்தன. சில வாரங்களுக்குள் எட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டார்கள்.

காரணம் வேலையில் இல்லை. நகரத்தில் யாரும் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தரவில்லை. தினவாடகைக்கு லாட்ஜில் தங்கினால் மாதச் சம்பளத்தை லாட்ஜே விழுங்கியது. மெட்ரோ நிர்வாகம் தன் வாசலைத் திறந்து வைத்திருந்தது. அடுத்த தெருவின் வாசல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பணியிடத்தில் ஒருவரை ஏற்றுக்கொள்வது என்றால் அவர் இரவு எங்கே தூங்குவார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று அந்த எட்டுப் பேரின் விலகல் காட்டியது.

தமிழ்நாடு 2008-இலேயே திருநங்கைகள் நல வாரியம் அமைத்த மாநிலம். அப்படியிருந்தும் சேலத்தில் வளர்ந்த திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தேர்வு எழுதவும், உடற்தகுதித் தேர்வில் கலந்துகொள்ளவும் ஒவ்வொரு படிக்கும் அவர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017-இல் தர்மபுரி மாவட்டத்தில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். ஒரு பெண் போலீஸ் ஆவதற்கு வழக்கு நடத்தும் பயிற்சியும் தேவைப்பட்டது என்றால், வக்கீல் பீஸ் கட்ட வழியில்லாத எத்தனை பேர் முதல் படிவத்தோடு நின்றிருப்பார்கள்?

தனியார் நிறுவனங்களில் நிலைமை இதைவிடக் கடினம். திருநர் சட்டம் 2019-இல் வந்தும் புகார் அதிகாரி யார் என்று எழுதிவைத்த பலகையைப் பெரும்பாலான பணியிடங்களில் காண முடியாது. பாலின அடையாளம் தெரிந்த பிறகு இரண்டு தனியார் பள்ளிகளில் வேலை மறுக்கப்பட்ட ஓர் ஆசிரியையின் வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தர உத்தரவிட்டது. சமவாய்ப்புக் கொள்கையை உருவாக்க ஒரு குழுவையும் அமைத்தது. சட்டம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் அரசுகள் காட்டிய அலட்சியத்தை அந்தத் தீர்ப்பு கடிந்துகொண்டது.

படிக்கட்டைக் கடந்த பிறகு

சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன், முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் இந்திய வெளியுறவுப் பணியில் சேர முடியும் என்று 2015-இல் நிரூபித்தார். மதுரையின் பூரணசுந்தரி குடிமைப் பணித் தேர்வில் வென்ற செய்தி 2020-இல் வந்தபோது, அவருக்குப் பாடங்களை வாசித்துக் காட்டிய பெற்றோரையும் சேர்த்தே ஊர் கொண்டாடியது. இந்த வெற்றிகளைக் கொண்டாடும் வேகத்தில் ஒன்றை விட்டுவிடுகிறோம். இவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் இவர்களைப்போல அசாதாரணத் திறமைசாலிகளாக இருக்க வேண்டியதில்லை. பார்வை உள்ள ஒரு சராசரி குமாஸ்தாவுக்குக் கிடைக்கிற வேலை, பார்வையற்ற சராசரி குமாஸ்தாவுக்கும் கிடைக்க வேண்டும்.

அலுவலக வாசலில் சாய்தளம் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சாய்தளத்தில் ஏறி வந்தவருக்குச் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டா? வருகைப்பதிவு மென்பொருளைத் திரைவாசிப்பான் படிக்குமா? காதுகேளாத ஊழியருக்குக் கூட்டத்தில் பேசுவது எழுத்தில் வருமா? தீ அபாய மணி ஒலித்தால் அவருக்கு எப்படித் தெரியும்? 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் வசதிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதியைச் செல்லாது என்று சொல்லி, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்க ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் தனியார் துறைக்கு ஒதுக்கீடு எதுவும் கிடையாது, ஊக்கத்தொகை பற்றிய பிரிவு மட்டும் உண்டு.

எந்த ஊர், எந்தத் தெரு?

பாலினம் பற்றியும் உடற்குறை பற்றியும் பேச இப்போது நிறுவனங்கள் முன்வருகின்றன. சாதி என்றால் அறை அமைதியாகிவிடுகிறது. தமிழர்கள் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, இனிஷியலோடு நிற்கிறோம், அதனால் இங்கே அந்தச் சிக்கல் இல்லை என்பார்கள். பெயர் சொல்லாததை நேர்காணல் கேட்டுவிடுகிறது. சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எங்கே. நான்காவது கேள்வி முடிவதற்குள் விடை கிடைத்துவிடும்.

பெயரிலேயே தெரிந்துவிடும் இடங்களில் என்ன நடக்கிறது என்று ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி கொண்ட, பெயர் மட்டும் மாறிய விண்ணப்பங்களை அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. யாரும் யாரையும் நேரில் பார்க்கவே இல்லை.

அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கும் இது ஓய்வதில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கு வந்த தலித் சத்துணவு சமையலரை ஏற்க மாட்டோம் என்று ஊர்க்காரர்கள் சிலர் பள்ளியை மறித்தார்கள். அதிகாரி என்ன செய்தார்? சமையலரைத்தான் இடம் மாற்றினார். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது, மறித்தவர்கள்மீது வழக்கும் பதிவானது. 2023-இல் காலை உணவுத் திட்டத்தில் கரூர் மாவட்டப் பள்ளி ஒன்றில் அதே பிரச்சினை எழுந்தபோது, ஆட்சியர் நேரில் போய் அந்தச் சமையலர் ஆக்கிய உணவை உட்கார்ந்து சாப்பிட்டார். ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு நிர்வாகங்கள் எடுத்த இந்த இரண்டு முடிவுகளும் அந்த இரண்டு பெண்களின் வாழ்க்கையை எங்கெங்கே கொண்டு நிறுத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். தொல்லை கொடுப்பவரை விட்டுவிட்டுத் தொல்லைப்படுபவரை இடம் மாற்றுவது நம் அலுவலகங்களின் பழைய பழக்கம். பாலியல் புகாரிலும் இதுவே நடக்கிறது.

கடல் கடந்தாலும் சாதி கூடவே போயிருக்கிறது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அந்நாட்டில் இதற்காகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருபவர் தமிழ் வேர் கொண்ட தேன்மொழி சௌந்தரராஜன். 2022-இல் கூகுள் நிறுவனத்தில் அவர் பேசவிருந்த நிகழ்ச்சி ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பால் ரத்தானது. இந்தியாவிலோ, தனியார் நிறுவனம் ஒன்று வேலைக்கு ஆள் எடுக்கும்போது சாதி பார்த்தால் அதைத் தடுக்கவென்று தனிச் சட்டம் இன்றுவரை இல்லை.

---
பெட்டிச் செய்தி: உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்

▪ உள் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? பெயர்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றனவா? வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்கிறாரா?

▪ காவலாளி, துப்புரவுப் பணியாளர் எனக் காண்ட்ராக்டில் இருப்பவர்களும் அந்தக் குழுவிடம் புகார் தர முடியும் என்று அவர்களிடம் யாராவது சொன்னார்களா?

▪ துப்புரவுப் பணியாளர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்?

▪ பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் வேலையில் இருக்கிறார்கள்?
---

திண்டுக்கல்லில் போட்ட கையெழுத்து

2021 ஜனவரி. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். உலகின் பெரிய பிராண்டுகளுக்கு ஆடை தைத்துக் கொடுத்த ஆலை அது. சூப்பர்வைசர் தொல்லை கொடுப்பது பற்றி அந்தப் பெண் வீட்டிலும் தோழிகளிடமும் சொல்லியிருந்தார் என்ற செய்தி வெளியே வந்தபோது, ஆலைக்குள்ளே இன்னும் பலர் வாய் திறந்தார்கள். சொல்வதற்கு ஆள் இருந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பெண் உறுப்பினராக இருந்த சங்கம், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம். அவர்கள் ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து ஓராண்டுக்கு மேல் போராடி, 2022 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் எச் அண்டு எம் நிறுவனத்தோடும் ஓர் ஒப்பந்தத்துக்கு வழி செய்தார்கள். பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் கையெழுத்திட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று இன்று உலகத் தொழிலாளர் அமைப்புகள் பேசுவது இதைத்தான்.

இந்த ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை பல. பாலியல் தொல்லையோடு சாதி, புலம்பெயர்ந்தவர் என்ற காரணத்தால் நடக்கும் பாகுபாடும் தவறு என்று வெளிப்படையாக எழுதப்பட்டது. தைக்கும் லைன்களில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். ஏதேனும் நடந்தால் எங்கோ இருக்கும் ஹெச்.ஆர். அறைக்குப் போக வேண்டியதில்லை, பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடம் சொல்லலாம். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. விசாரணையில் நிர்வாகம் மட்டும் இல்லாமல் வெளியாட்களும் பங்கேற்றார்கள். ஆலை விதிகளை மீறினால் ஆடை வாங்கும் பிராண்டுகள் வணிக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவை. அதாவது ஆர்டர் போகும். தன் லாபத்தைத் தொடும் சொல் எதுவோ அதைத்தான் ஆலை நிர்வாகம் கவனமாகக் கேட்கும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

முதலாண்டு அறிக்கையின்படி, எழுந்த புகார்களில் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. அவற்றில் பெரும் குற்றங்களும் இருந்தன, அன்றாடத் தொல்லைகளும் இருந்தன. சூப்பர்வைசர் ஏசுவது, கழிப்பறைக்குப் போகவிடாமல் தடுப்பது போன்றவற்றைச் சின்ன விஷயம் என்று தள்ளாமல் கேட்க ஆள் இருந்ததே அந்த ஆலையில் நடந்த மாற்றம். சின்னதைச் சொல்லிப் பழகியவர்தான் பெரியது வரும்போது வாய் திறப்பார்.

எந்தப் பன்மைத்தன்மை ஆலோசகரும் போட்டுத் தராத திட்டம் இது. பெண் தொழிலாளர்கள், ஒரு தோழியைப் பறிகொடுத்த பிறகு, என்னென்ன இருந்திருந்தால் அவள் உயிரோடு இருந்திருப்பாள் என்று வரிவரியாக யோசித்துப் பேரம் பேசிப் பெற்றது. கண்காணிப்பாளர், புகார் வழி, பழிவாங்கத் தடை, ஆர்டர் மீதான பிடி என ஒவ்வொன்றும் அவளுக்குக் கிடைக்காத ஒன்று.

இதில் கையெழுத்திட்ட வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் மூன்று. திருப்பூரிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கப்பலேறும் துணிகளின் கழுத்துப்பட்டையில் தைக்கப்படும் பிராண்டுப் பெயர்கள் அதைவிடப் பல மடங்கு. அவற்றில் பல தங்கள் இணையதளங்களில் சமத்துவக் கொள்கையைப் பக்கம் பக்கமாக வெளியிட்டிருக்கின்றன. அந்தக் கொள்கையைத் தங்களுக்குத் தைத்துத் தரும் ஆலையோடு கட்டாய ஒப்பந்தமாக எழுதத் தயாரா என்று அவர்களிடம் கேட்க வேண்டியது இங்கிருக்கும் சங்கங்களின் வேலை மட்டும் இல்லை. முதலீட்டு மாநாடுகளில் அவர்களை வரவேற்று நிலமும் மின்சாரமும் தரும் அரசும் கேட்கலாம்.